வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் சாக்ஸபோன் மட்டும் வாசித்தால் சரிவருமா?

உப்புவெளி ஆல்டோ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது, பாலையூற்று. பள்ளிக்கூட பாண்டில் கிளாரினெட் வாசித்துத் தொடங்கி, பிறகு சேர்ச்சில் வாசிக்கும் ஒரு அண்ணையிடம் ஆல்டோ சாக்ஸபோன் பழகினேன். இப்போது உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் பகலில் ரிசப்ஷன் வேலை. சீசன் நேரத்தில் வாரத்துக்கு மூன்று இரவு அங்கேயே டினருக்கு வாசிப்பேன். கீபோர்ட்காரர் ஒருவர், நான், ஒரு ட்ரம் மெஷின், பாண்ட் அவ்வளவுதான். சீசன் முடிந்தால் கலியாண வீடு, பிறந்தநாள், எல்லாம் பைலா.

விஷயம் என்னவென்றால் எனக்கு அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன்காரர் சொனி ரொலின்ஸ் பைத்தியம் பிடித்துவிட்டது. 1959 இல், பெயரும் புகழுமாக இருந்த நேரத்திலே, மேடையை அப்படியே விட்டுவிட்டு நியூயோர்க்கில் வில்லியம்ஸ்பேர்க் பாலத்தில் ஏறி நின்று இரண்டு வருடம் தனியாக வாசித்தாராமே, அதைப் படித்ததிலிருந்து ஒழுங்கான நித்திரை இல்லை. நான் வாசிப்பது எல்லாம் திரும்பத் திரும்ப அதே பாட்டுகள். ஒரு வெள்ளைக்காரர் பீர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டுவார், அடுத்த மேசையில் பிள்ளை அழும், வெயிட்டர் என்னைத் தாண்டிப் பொரித்த இறாலைக் கொண்டு போவார். இப்படியே முப்பது வயதாகிவிடும் போல இருக்கிறது.

கையில் கொஞ்சக் காசு சேர்த்திருக்கிறேன். இந்த சீசன் முடிய வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் நாளுக்குப் பத்து மணித்தியாலம் வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். பிறகு கொழும்பு, முடிந்தால் வெளிநாடு. அப்பாவுக்குச் சொன்னேன், பதில் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டார். அம்மா வங்கிப் பரீட்சைக்கு விண்ணப்பம் ஒன்று எடுத்துவந்து மேசையில் வைத்திருக்கிறா.

இது சரிவருமா? மனம் நோகும் என்று பார்க்காமல் சொல்லுங்கள். இன்னொன்று, திருகோணமலையில் முழுச் சத்தத்தில் வாசிக்க இடம் எங்கே இருக்கிறது? பக்கத்து வீட்டு ஆச்சி ஏற்கெனவே அம்மாவோடு கதைப்பதில்லை.


டச்பே டெனர் எழுதியது:

தம்பி, நான் கொழும்பு ஹோட்டல்களிலும் பிறகு மாலைதீவிலும் டெனர், அதாவது ஆல்டோவைவிடப் பெரிய சாக்ஸபோன், வாசித்துப் பிழைத்தவன், இப்போது ஊரோடு வந்து சும்மா இருக்கிறேன். ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளும்.

இந்தப் பாலத்துக் கதையை எல்லாரும் நடுவிலிருந்துதான் சொல்கிறார்கள். அதற்கு முந்தின பத்து வருடத்தை நீர் பார்க்க வேண்டும். ரொலின்ஸ் 1930 இல் நியூயோர்க்கின் ஹார்லெமில் பிறந்தவர், குடும்பம் கரீபியனில் வேர்ஜின் தீவுகளிலிருந்து வந்தது. உம்மைப் போல ஆல்டோவில்தான் தொடங்கினார், டெனர்காரர் கோல்மன் ஹோக்கின்ஸைக் கேட்டுவிட்டுப் பதினாறு வயதில் டெனருக்கு மாறினார். 1949 இல், பத்தொன்பது வயது நிரம்பும் முன்னரே, பியானோக்காரர் பட் பவலோடு ரெக்கோர்டிங்கில் வாசித்துவிட்டார். அதோடு ஹெரோயினும் வந்துவிட்டது. 1950 இல் கொள்ளைக் கேஸ் ஒன்றில் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். 1955 இல் தானாகவே கெண்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் இருந்த போதை சிகிச்சை நிலையத்துக்குப் போய் அதை விட்டார்.

இனித்தான் உமக்குத் தேவையான பகுதி. வெளியே வந்தவர் நேரே நியூயோர்க் மேடைக்குப் போகவில்லை. சிக்காகோவில் தங்கி, கட்டடம் கூட்டித் துடைக்கும் வேலை, லொறியில் சாமான் ஏற்றும் வேலை எல்லாம் செய்தார். மிச்ச நேரத்தில் வை.எம்.சி.ஏ. கட்டடத்தில் பயிற்சி. பழைய கூட்டாளிகள் கிளப்புக்குக் கூப்பிட்டால் திரும்பவும் ஊசியில் விழுந்துவிடுவேன் என்ற பயம், அதனால்தான் அந்த வேலைகள். அந்த வருடக் கடைசியில் ட்ரம்பெட்காரர் கிளிஃபர்ட் பிரவுண், ட்ரம்மர் மக்ஸ் ரோச் இருவரும் நடத்திய குழு சிக்காகோவுக்கு வந்தபோது அதில் சேர்ந்தார். அடுத்த வருடம், 1956 ஜூன் 22, அவருடைய சாக்ஸபோன் கொலோசஸ் இசைத்தட்டு பதிவானது. நான்கு நாள் கழித்து பிரவுண் கார் விபத்தில் செத்துப்போனார், இருபத்தைந்து வயது. அந்த இரண்டு தேதிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கும்.

1956 இலிருந்து 1958 வரை தன் பெயரில் மட்டும் ஒரு டசினுக்கு மேல் இசைத்தட்டு. பியானோவே இல்லாமல் பாஸும் ட்ரம்மும் மட்டும் வைத்துக்கொண்டு வாசித்ததும் அப்போதுதான். இதெல்லாம் பகலில் ஸ்டூடியோ, இரவில் கிளப் என்று ஓடிக்கொண்டே செய்தது. அதன் பிறகு 1958 இல் குந்தர் ஷுலர் என்ற இசைக்காரர், ரொலின்ஸ் ஒரு சின்னத் துண்டை எடுத்து அதையே எப்படிக் கட்டி வளர்க்கிறார் என்று ஒரு பெரிய கட்டுரை எழுதினார். பாராட்டுத்தான். ஆனால் அதைப் படித்ததும் மனிதருக்குக் கூச்சமாகிவிட்டது, வாசிக்கும்போதே தன்னைத் தானே பார்க்கத் தொடங்கிவிட்டார். ஊர் தூக்கிவைக்கும் அளவுக்குத் தான் இல்லை என்ற எண்ணமும் சேர்ந்தது. அப்போதுதான் 1959 இல் நிறுத்தினார். வீட்டில் வாசிக்கலாம்தானே என்று கேட்பீர், பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தா, சத்தம் தொந்தரவு என்று பாலத்துக்குப் போனார். ஆக, உமது ஆச்சி பிரச்சினை அவருக்கும் இருந்தது.

அப்படியென்றால் அவர் நிறுத்தியது என்ன? ஓடிக்கொண்டிருந்த ஒன்றை. 1961 நவம்பரில் திரும்பி வந்தபோது கிளப் காத்திருந்தது, பெரிய இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தம் கிடைத்தது. உமக்கு இரண்டு வருடம் கழித்து யார் காத்திருப்பார்கள்? கோபிக்க வேண்டாம், கேட்டதால் சொல்கிறேன். இன்னொரு விஷயம், அவர் பாலத்தில் நின்ற காலத்தில்தான் ஓர்னெட் கோல்மன் என்ற ஆல்டோக்காரர் நியூயோர்க்குக்கு வந்து ஜாஸையே தலைகீழாகப் புரட்டினார். இறங்கி வந்த ரொலின்ஸ் அதைவிடப் பெரிய புரட்சி செய்வார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம், ஏனென்றால் 1962 இல் வந்த த பிரிட்ஜ் தட்டில் இருப்பது அதே மனிதர், இன்னும் உறுதியாக, இன்னும் நிதானமாக, ஜிம் ஹோலின் கிட்டாரோடு. எனக்கு அந்தத் தட்டு உயிர். ஆனால் இரண்டு வருடம் தனியே இருந்தால் வேறு ஆளாக மாறிவிடலாம் என்ற கனவுக்கு அதில் சாட்சி இல்லை.

ஹோட்டலில் வாசிப்பதைக் கேவலமாக நினைக்கிறீர் போலத் தெரிகிறது. பெரிய ஆல்டோக்காரர் சார்லி பார்க்கர் பதினாறு வயதில் கன்சஸ் சிட்டியில் பெரியவர்கள் முன்னால் மேடையில் அவமானப்பட்டவர், ட்ரம்மர் ஜோ ஜோன்ஸ் சிம்பலை, ட்ரம்ஸில் இருக்கும் அந்தப் பித்தளைத் தட்டை, கழற்றிக் காலடியில் எறிந்தார் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். அடுத்த கட்டம்தான் யாரும் சொல்வதில்லை. 1937 கோடையில் ஓசார்க் மலைப் பக்கம் ஒரு உல்லாச விடுதியில் சீசன் வேலைக்குப் போனார், ஆம், உம்முடைய வேலைதான். இரவில் விருந்தாளிகளுக்கு வாசிப்பு. பகலில் டெனர்காரர் லெஸ்டர் யங் வாசித்த இசைத்தட்டுகளை வைத்து ஒவ்வொரு சோலோவாகப் பாடமாக்கினார், கூட வந்த கிட்டார்காரரிடமும் பியானோக்காரியிடமும் கோர்ட், அதாவது சுரக் கூட்டுகள், படித்தார். சீசன் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது ஆளே வேறு.

இன்னொரு பெரிய டெனர்காரர் ஜோன் கோல்ட்ரேனும் அப்படித்தான். 1957 இல் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் குழுவிலிருந்து விலக்கப்பட்டு, வீட்டுக்குப் போய் ஹெரோயினை விட்டார். அதன் பிறகு அவரைத் தூக்கிவிட்டது தனிமை அல்ல, ஃபைவ் ஸ்பொட் கிளப்பில் தெலோனியஸ் மங்க் பக்கத்தில் மாதக்கணக்காக ஒவ்வொரு இரவும் நின்றதுதான். மங்க் பியானோவை விட்டு எழும்பி மேடையில் ஆடத் தொடங்கிவிடுவார், கோல்ட்ரேன் பாஸையும் ட்ரம்மையும் மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டும். அதைப் படுக்கையறையில் பழக முடியாது.


நாயனக்காரர் பேரன் எழுதியது:

டச்பே அங்கிள் சொன்ன வரலாறு எல்லாம் சரி, முடிவோடு எனக்கு ஒத்துவராது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை நாதஸ்வரம். கோயில் சேவகம் மட்டும் செய்துகொண்டிருந்தால் கை பழகும், ஞானம் வளராது என்று தாத்தா சொல்லுவார். நல்லூருக்கும் கோணேசர் கோயிலுக்கும் வாசிக்கப் போகிற ஆட்கள் எத்தனையோ பேர் அதே பத்து உருப்படியோடு கிழவராகிவிட்டார்கள். அசுர சாதகம் செய்யாமல் யாரும் மேலே வந்ததில்லை மச்சான். பார்க்கரே மூன்று நான்கு வருடம் நாளுக்குப் பதினொன்று, பதினைந்து மணித்தியாலம் வாசித்ததாகத் தன் வாயாலேயே ரேடியோப் பேட்டியில் சொல்லியிருக்கிறார், அதை ஏன் அங்கிள் விட்டுவிட்டார்?

நீ கத்ரி கோபால்நாத்தையும் பார். அவருடைய அப்பா மங்களூர்ப் பக்கம் நாதஸ்வர வித்துவான். பிள்ளை மைசூர் அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டுவிட்டு அதுதான் வேண்டும் என்று நின்றது. கர்நாடக இசையை அதில் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று நாயனம் ஊதியவனுக்குத்தான் விளங்கும். நாயனத்தில் துளையை விரலாலேயே பாதி மூடலாம், கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம், கமகம் தானாக வரும். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவில் சாவியும் பேடும் (துளையை மூடும் தோல் மூடி) இருக்கின்றன, ஒன்று மூடும், இல்லையென்றால் திறக்கும். மிச்சத்தை உதட்டாலும் தொண்டையாலும்தான் செய்ய வேண்டும். அவர் வாத்தியத்திலேயே சில மாற்றங்கள் செய்து, சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் படித்து, வருடக்கணக்காக உழைத்துத்தான் அதைக் கொண்டுவந்தார். 1980 இல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜோன் ஹேண்டி என்ற அமெரிக்க சாக்ஸபோன்காரர் கேட்டுவிட்டு அவரோடு சேர்ந்து வாசித்தார். 1994 இல் லண்டன் ரோயல் அல்பேர்ட் ஹோலில் பி.பி.சி. விழா. அதே வருடம் டூயட் படத்தில் நாங்கள் எல்லாரும் கேட்டு மயங்கியதும் அவர் வாசிப்புத்தான். 2019 இல் காலமாகும்வரை வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

ரொலின்ஸும் பாலத்தோடு நிற்கவில்லை. 1960களின் கடைசியில் திரும்பவும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு பம்பாய்க்குப் பக்கத்தில் பொவாய் ஆசிரமத்தில் மாதக்கணக்காக இருந்தார். சம்மணமிட்டுத் தியானம் செய்ய மனம் நிற்கவில்லை என்று சுவாமியிடம் சொன்னதாகவும், நீ வாசிப்பதே தியானம்தான் என்று பதில் கிடைத்ததாகவும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இப்படி விட்டுவிட்டுப் போகத் தெரிந்தவர் என்பதால்தான் எண்பது வயது தாண்டியும் மேடையில் நின்றார். பார்க்கர் 34 இல் போனார், கோல்ட்ரேன் 40 இல் போனார். ஒதுங்குவது வீண் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என் கணக்கு: வேலையை விடு, ஆனால் குரு ஒருவரைப் பிடித்துவிட்டு விடு. குரு இல்லாமல் பத்து மணித்தியாலம் வாசித்தால் உன்னுடைய பிழையைத்தான் பத்து மணித்தியாலம் பழகுவாய்.


ஸ்காபரோ அக்கா எழுதியது:

நான் உவர்மலை, இப்போது கனடா. எனக்கு இசை தெரியாது, என்னுடைய மனுசன்தான் ட்ரம்ஸ் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

இவ்வளவு எழுதியும் ஒரு விஷயத்தை இரண்டு ஆம்பிளைகளும் எழுதவில்லை. அந்தப் பாலத்து இரண்டு வருடமும் வீட்டு வாடகை எங்கிருந்து வந்தது? அவரோடு இருந்த லூசில், பிறகு மனைவியானவ, வேலைக்குப் போய்த்தான் சமாளித்தவ. பிறகு அவவே அவருடைய மனேஜராக இருந்து கச்சேரி பேசுவது, கணக்குப் பார்ப்பது, தட்டுத் தயாரிப்பது எல்லாம் செய்தவ, 2004 இல் சாகும்வரை. தம்பி, உங்களுக்கு லூசில் யார்? அம்மாவா? அம்மாதான் என்றால் அவவிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும், அறிவித்துவிட்டு அல்ல. அப்பா எழும்பிப் போனதற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

சேமிப்பு எவ்வளவு என்று இங்கே எழுத வேண்டாம். 2022 இல் ஊரில் சாமான் விலை ஏறின வேகத்தை மட்டும் நினைத்துப் பாருங்கள். சாக்ஸபோனுக்கு ரீட் எல்லாம் வெளியிலிருந்து வருவதுதானே, டொலர் ஏறினால் அதுவும் ஏறும்.


உப்புவெளி ஆல்டோ எழுதியது:

அக்கா, அம்மாவிடம் நான் உண்மையில் கேட்கவில்லை, சொல்லத்தான் செய்தேன். இன்றைக்குக் கதைக்கிறேன்.

அங்கிள், அந்த விடுதிக் கதையை நான் கேள்விப்பட்டதே இல்லை, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஆனால் ஒன்று, பார்க்கருக்குப் பக்கத்தில் கோர்ட் சொல்லித்தர ஆள் இருந்தது. எனக்கு இருப்பது ட்ரம் மெஷினும், சீசன் முடிந்தால் பைலாவும். பைலா வாசித்து யாராவது ஜாஸ்காரனாக வந்திருக்கிறார்களா? பேரன் சொன்ன மாதிரி அதே பத்து உருப்படியோடு கிழவனாகும் பயம்தான் எனக்கு. குருவுக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும், மாதம் ஒருமுறை இரவு ரயிலில் போய் வரலாம் என்று வேண்டுமானால் யோசிக்கலாம்.


டச்பே டெனர் எழுதியது:

பேரன், பார்க்கர் சொன்ன அந்தப் பதினைந்து மணித்தியாலத்தை விட்டது வேண்டுமென்றுதான், ஏனென்றால் அதைக் கேட்டுவிட்டு உதட்டையும் கழுத்தையும் கெடுத்துக்கொண்ட பெடியளைப் பார்த்திருக்கிறேன். குரு வேண்டும் என்பதில் நீர் சொன்னதுதான் சரி. மாதம் ஒரு பாடம் என்றாலும் போதும், நடுவில் வாசிப்பதை ஃபோனில் பதிந்து அனுப்பலாம்.

தம்பி, பைலாவைப் பற்றிக் கேட்டீர். ரொலின்ஸின் மிகப் பிரபலமான பாட்டு எது? கொலோசஸ் தட்டில் முதலாவதாக வரும் செயின்ட் தோமஸ். அது கரீபியன் கலிப்ஸோ மெட்டு, சின்ன வயதில் அம்மா பாடக் கேட்டது. அந்தத் தீவுக்காரர் தங்கள் கொண்டாட்டங்களில் ஆடுகிற வகைப் பாட்டை எடுத்துவந்து நியூயோர்க் ஜாஸ்காரர்களுக்கு நடுவில் வைத்தார், அது பிறகு ஜாஸ் படிக்கிற எல்லாரும் வாசிக்கிற பாட்டாகிவிட்டது. கலியாண வீட்டில் ஆறெட்டுத் தாளத்தில் சனத்தை எழுப்பி ஆடவைக்கத் தெரிந்தவனுக்கு அந்தத் துள்ளல் உடம்பிலேயே இருக்கும். மட்டக்களப்பிலும் எங்கள் ஊரிலும் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் கஃப்ரிஞ்ஞா என்ற அவர்களுடைய ஆட்ட இசையை வாசிப்பதைக் கேட்டிருக்கிறீரா? ஒரே தாளத்துக்கு மேல் வயலின் எப்படி முன்னும் பின்னும் சறுக்கி வருகிறது என்று அடுத்த முறை காது கொடுத்துக் கேளும். அதைச் சாக்ஸபோனில் கொண்டுவந்தால் நீர் அதே பத்துப் பாட்டு வாசிக்கிற ஆள் இல்லை.

அதனால் என்னுடைய யோசனை இது. வேலையை விடாதீர், சீசனைப் பயிற்சிக் காலமாக்கும். மூன்று இரவிலும் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு பாட்டை மட்டும் ஆபத்தாக வாசியும், அதாவது முடிவு தெரியாமல் சோலோவுக்குள் இறங்கும். பிழை விட்டால் யாருக்கும் தெரியாது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களை விட நல்ல சபை பழகுகிறவனுக்குக் கிடைக்காது. வாடைக்காற்று தொடங்கி ஹோட்டல் காலியானதும் அரைநாள் வேலை கேட்டுப் பாரும், மனேஜர்மார் அந்த நேரத்தில் சம்பளம் குறைக்கக் காரணம் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். அந்த மாதங்கள்தான் உமது பாலம்.

இடம் கேட்டீர். டச்பே கடற்கரை விடியற்காலையில் நல்லது, ஆனால் காற்று அடிக்கும் நாளில் மணலும் உப்பும் சாவிகளுக்குள் போகும், ஸ்பிரிங் எல்லாம் ஊசி மாதிரி மெல்லிய இரும்பு, சீக்கிரம் துருப்பிடித்து முறிந்துவிடும். வாசித்து முடிந்ததும் உள்ளே துணி இழுத்துத் துடைத்து, வெளியேயும் துடைத்து, பெட்டியில் வைத்து மூடும். கோட்டைக்குள் போய் ஊத வேண்டாம், இராணுவ முகாம் இருக்கிற இடம், விளக்கம் சொல்லியே காலை போய்விடும், கேட்பதும் மான்கள் மட்டும்தான். நான் உம்முடைய வயதில் என்றால் சேர்ச் மண்டபத்தைப் பகலில் திறந்து தரச் சொல்லி ஃபாதரிடம் கேட்டிருப்பேன்.

எங்கள் ஊர் ஈரத்தில் ஜி ஷார்ப் சாவி ஒட்டிக்கொள்ளும், உமக்கும் கட்டாயம் நடந்திருக்கும், பாட்டு நடுவில் சாவியை அமத்துவீர், பேட் எழும்பாது. அதற்கு எண்ணெய் எதுவும் போட வேண்டாம். சிகரெட் சுற்றுகிற மெல்லிய தாள் ஒன்றை பேடுக்கும் துளைக்கும் நடுவில் வைத்து, மெதுவாக அமத்தி, அமத்தியபடியே இல்லை, கொஞ்சம் தளர்த்திவிட்டு இழும். இறுக்கி இழுத்தால் தோல் கிழிந்துவிடும். இரண்டு மூன்று தரம் செய்தால் பசை தாளில் வந்துவிடும்.

செயின்ட் தோமஸை எடுத்துத் தொடங்கும். பாட்டு சி மேஜர், உமது ஆல்டோவுக்கு ஏ மேஜர் ஆகும். தாளில் எழுதினதைத் தேடாதீர், காதால் எடும், யூடியூபில் வேகத்தைப் பாதியாக்கலாம்தானே. சோலோ தொடங்குகிற இடத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர், இரண்டே இரண்டு சுரத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே முன்னே பின்னே தள்ளி விளையாடுவார், வேறு ஒன்றுமில்லை. அந்த முதல் பகுதியை மட்டும் பாடமாக்கி, ட்ரம் மெஷினில் பைலாத் தாளம் ஒன்றைப் போட்டு அதற்கு மேல் வாசித்துப் பதிந்து இங்கே போடும். பேரனும் கேட்டுச் சொல்லட்டும்.